பாவின் இழுப்பு

வாகனக் கட்டுப்பாட்டுப் பொறியியலைப் பாலிடெக்னிக்கில் நெடுங்காலம் கற்பித்தவள் நான். முதல் வகுப்பை ஏபிஎஸ் பிரேக்கில் தொடங்க மாட்டேன். கடலூர் சாலை ரோடியர் மில்லின் நெசவுக் கூடத்தில்தான் தொடங்குவேன். புதுச்சேரியில் இந்தப் படிப்புக்கு முன்னோர் அங்கே வேலை பார்த்தவர்கள்தான்.

1898இல் தோன்றிய மில் அது. அப்பா அங்கே நெசவுப் பகுதி பிட்டர். பழைய தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், சுற்றிய உருளையைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு முதல் பாடம். நெய்ய நெய்ய உருளை இளைத்துக்கொண்டே வரும். அதைப் பிடித்து நிறுத்தும் சங்கிலியின் எடைக்கல்லை வைத்த இடத்திலேயே விட்டால், பாவின் இழுப்பு ஏறிக்கொண்டே போய் நூல் அறும். இழுப்பு தளர்ந்தாலோ துணி சீராக விழாது. அதனால் தறிக்காரர் அவ்வப்போது உள்ளங்கையைப் பாவின்மேல் வைத்துப் பார்ப்பார். எடைக்கல்லை நெம்புகோலில் சற்றே நகர்த்துவார். அளப்பது, ஒப்பிடுவது, திருத்துவது எல்லாம் அந்தக் கையிலேயே நடந்தன. ஏபிஎஸ் செய்வதும் இதுதான்: சக்கரத்தின் வேகத்தைச் சென்சார் அளக்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்த்தால் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துகிறது, மறுபடி ஏற்றுகிறது.

நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக்க 1788இல் ஜேம்ஸ் வாட் பொருத்திய சுழல் குண்டுகளையும், அவற்றின் நிலைத்தன்மையை 1868இல் மேக்ஸ்வெல் கணக்கில் எழுதியதையும் எல்லாப் பாடநூலும் சொல்லும். தறியைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பாவு நூலிலும் தொங்கும் டிராப் பின் ஒரு சென்சார் அல்லாமல் வேறென்ன? நூல் அறுந்தால் அந்த மெல்லிய இரும்புத் தகடு கீழே விழும். தறி தானே நிற்கும். இப்படித் தானே நிற்பதோடு, ஓட்டத்திலேயே நாடாவையும் மாற்றிக்கொள்ளும் தறியை ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கினார். 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் அந்தக் காப்புரிமையை வாங்கியது. 1933இல் டொயோடாவின் தறி நிறுவனத்துக்குள் கார்ப் பிரிவு தொடங்கி, 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனியாகத் தனியே பிரிந்தது. பிழை கண்டதும் இயந்திரம் நிற்க வேண்டும் என்ற தறியின் விதி கார்த் தொழிற்சாலைக்கும் போனது.

புதுச்சேரியில் நடந்தது வேறு. வேலை நேரத்துக்கும் கூலிக்கும் மில் தொழிலாளர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று இங்குள்ள இன்னொரு மில்லான சவானாவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக, 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இதைத் தொழிற்சங்க வரலாறாக மட்டும் படிப்பது எனக்குப் போதவில்லை. இழுப்பை அளந்தது மனிதக் கை. அது எத்தனை மணி நேரம் சரியாக அளக்கும்? களைத்த கை தப்பாக அளக்கும், நூல் அறும், விரல் நசுங்கும். இன்று ஓட்டுநரின் களைப்பைக் கேமரா வைத்துக் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் கேட்பதும் இதே கேள்வியைத்தான்.

ரோடியர் மில் 2020இல் மூடப்பட்டது. ஒரு பழைய தறியையாவது எடைக்கல்லோடு ஓடும் நிலையில் பொறியியல் மாணவர்களிடம் கொடுக்க வேண்டும். பாவில் இழுப்பு மானி பொருத்தி, அனுபவப்பட்ட தறிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கல்லை எப்போது, எவ்வளவு நகர்த்துகிறார் என்று பதிவு செய்யலாம். மில் இருந்த முதலியார்பேட்டையில் அந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.