தூரத்திலிருந்து வைத்தியம்: அரகொண்டா முதல் நம் கைப்பேசி வரை

இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டர் பார்ப்பதற்கு முன்பே நம் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகிறது. ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்தால் உடனே கூகுளில் தேடுகிறோம். அன்று இரவு தூக்கம் போய்விடுகிறது. நேரில் போகாமல் வைத்திய ஆலோசனை கேட்பது தவறா? இல்லை. அதற்கு நம் பக்கத்திலேயே நல்ல வரலாறு இருக்கிறது.

2000 மார்ச்சில், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ மருத்துவமனை செயற்கைக்கோள் வழி ஆலோசனையைத் தொடங்கியது. அப்பல்லோ நிறுவனர் டாக்டர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர் அது. இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். கிராமத்தில் எடுத்த ஸ்கேனையும் இசிஜியையும் நகரத்து நிபுணர்கள் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள்.

அடுத்தது நம் மதுரை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. தேனிப் பகுதி மையங்களை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியோடு நீண்டதூர வைஃபை வழியாக மருத்துவமனையுடன் இணைத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார்.

இரண்டு இடத்திலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். நோயாளியின் பக்கத்தில் ஒரு ஆளும் கருவியும் இருந்தன. மறுமுனையில் பெயர் தெரிந்த, பொறுப்புள்ள டாக்டர் இருந்தார். இரவில் தனியாகத் தேடும்போது இரண்டுமே நமக்கு இல்லை.

ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே மத்திய அரசு தொலைமருத்துவ விதிகளை வெளியிட்டது. டாக்டரும் நோயாளியும் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் வேண்டும். செயற்கை நுண்ணறிவு தானாக மருந்து எழுதக் கூடாது என்பவை அதில் உண்டு. அடுத்த மாதமே வீட்டிலிருந்து டாக்டரைப் பார்க்கும் இ-சஞ்சீவனி இலவசச் சேவை வந்தது. தொடக்க மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்தியது தமிழ்நாடுதான்.

அந்தத் தடித்த எண்ணைப் பற்றி ஒரு கணக்கு. ரிப்போர்ட்டில் 'இயல்பு அளவு' என்று போடுவது, பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேருக்கு இருக்கும் அளவு. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்களே. ஆகவே 20 பரிசோதனை செய்தால், நோயில்லாதவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டக்கூடும். பழைய ரிப்போர்ட்டையும் வயதையும் சாப்பிடும் மாத்திரைகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே அதன் அர்த்தம் புரியும்.

எனவே தேடுங்கள், தப்பில்லை. கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல் என்றால் தேடவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். நம் பிளாக்கில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.