ஒரு வெற்றி, ஒரு கடிதம்

காற்பந்து என்றதும் நமக்கு உருண்டைப் பந்துதான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்களுக்கோ அது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியோடு மோதி முன்னேறும் ஆட்டம்.

அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகர விவசாயக் கல்லூரி, 1892-இல் அதற்கு ஒரு குழு அமைத்தது. 1895-இல் அக்குழு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தை 36-0 என வீழ்த்தியது. சூறாவளி தாக்கியது போல் இருந்ததாகச் சிகாகோ நாளிதழ் எழுதியது. அன்று முதல் அவர்கள் 'சூறாவளிகள்'.

அக்கல்லூரியின் முதல் கறுப்பின விளையாட்டாளர் ஜாக் டிரைஸ். கால்நடை வளர்ப்பு படித்தவர். 1923 அக்டோபர் 6-ஆம் தேதி, மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் காறை எலும்பு முறிந்தும் களத்தை விட்டு விலகவில்லை. பின்னர் எதிரணியினரின் கால்களில் மிதிபட்டார். இரண்டே நாளில் உயிர் பிரிந்தது.

அவரது கோட்டுப் பையில் ஒரு கடிதம் கிடைத்தது. ஆட்டத்துக்கு முந்தின இரவு எழுதியது. தம் இனத்தின் மானமும் குடும்பத்தின் மானமும் தம் மானமும் அந்த ஆட்டத்தில்தான் இருப்பதாக எழுதியிருந்தார்.

கல்லூரி அரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டச் சொல்லி மாணவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். 1997-இல்தான் அது நிறைவேறியது. அவர் இறந்து 74 ஆண்டுகள் கழித்து!

வெற்றிக்கு உடனே பெயர் கிடைத்துவிட்டது. உயிரைக் கொடுத்தவர்தான் காத்திருந்தார். நம் பள்ளிகளிலும் மன்றங்களிலும் அப்படிக் காத்திருப்பவர் யார், நேயர்களே?