இங்கிலாந்தில் அரசு நிதியளிக்கும் மழலையர் கல்வி நேரத்தின் வரலாறு

இங்கிலாந்தில் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டு, அதற்கான கட்டணத்தை அரசே மழலையர் பள்ளிக்கோ காப்பகத்துக்கோ செலுத்தும் முறை 1998 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. நான்கு வயதுக் குழந்தைக்கு வாரம் 12.5 மணி நேரம் என்று தொடங்கிய இத்திட்டம், 2025 செப்டம்பரில், வேலைக்குச் செல்லும் பெற்றோரின் ஒன்பது மாதக் குழந்தைக்கும் 30 மணி நேரம் என்ற அளவுக்கு விரிந்தது. இதைப் பெற விரும்பும் பெற்றோர், குழந்தையின் பிறந்த தேதி, தங்கள் வேலை, வருமானம், குடியேற்ற நிலை என்று பல விதிகளைக் கடந்து வர வேண்டியுள்ளது. இவ்விதிகள் ஒரே நாளில் ஒரே நோக்கத்துடன் வகுக்கப்பட்டவை அல்ல. மழலையர் கல்வி குழந்தைக்கானதா, தாய் வேலைக்குச் செல்வதற்கான ஏற்பாடா என்ற கேள்விக்கு வெவ்வேறு காலத்து அரசுகள் அளித்த வெவ்வேறு விடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானவை.

ஐந்து வயது என்னும் எல்லை

ஐரோப்பாவின் பல நாடுகளில் குழந்தைகள் ஆறு அல்லது ஏழு வயதில் பள்ளிக்குச் செல்கையில், இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி ஐந்து வயதில் தொடங்குகிறது. 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் இவ்வயதைக் குறித்தது. 1880ஆம் ஆண்டின் சட்டம் அதை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. சீக்கிரம் பள்ளியில் சேர்ந்தால் சீக்கிரம் படிப்பை முடித்து வேலைக்குப் போகலாம் என்ற கணக்கும் இதன் பின்னால் இருந்தது.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டாயம் இல்லையே தவிர, தடையும் இருக்கவில்லை. தொழிற்சாலை நகரங்களில் வேலைக்குப் போகும் தாய்மார், மூத்த பிள்ளைகளுடன் மூன்று வயதுப் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பினர். 1900ஆம் ஆண்டளவில் மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தொடக்கப் பள்ளிகளில் இருந்தனர். இந்நிலையில், கல்வி வாரியத்தின் பெண் ஆய்வாளர்கள் ஐவர் அளித்த அறிக்கை 1905இல் வெளியானது. படிப்படியாக உயர்ந்து செல்லும் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்காரவைத்து, சின்னஞ்சிறு குழந்தைகளை மனப்பாடம் செய்யவைக்கும் முறையை அது கண்டித்தது. கண்டனம் சரியானது. ஆனால் அதிலிருந்து அரசு எடுத்துக்கொண்ட முடிவு வேறாக இருந்தது. குழந்தைகளுக்கு ஏற்ற பள்ளியைக் கட்டுவதற்குப் பதிலாக, ஐந்து வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்க மறுக்கும் உரிமையை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளித்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பள்ளியில் இருந்த மழலையரின் விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

குழந்தைக்கு ஏற்ற பள்ளி எப்படி இருக்கும் என்பதை ரேச்சல் மெக்மில்லன், மார்கரெட் மெக்மில்லன் என்னும் சகோதரிகள் செய்து காட்டினர். தென்கிழக்கு இலண்டனின் ஏழைப் பகுதியான டெப்ட்ஃபோர்டில் 1914இல் அவர்கள் திறந்தவெளி மழலையர் பள்ளியைத் தொடங்கினர். தோட்டம், குளியல், சத்துள்ள உணவு, விளையாட்டு ஆகியவை அங்கு பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தன. குழந்தைகள் நாள் முழுவதும் அங்கேயே இருந்தனர். அரைநாள் பள்ளியால் ஏழைக் குழந்தைக்குப் பெரிய பயன் இல்லை என்பது மார்கரெட்டின் கருத்து. 1918ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இத்தகைய பள்ளிகளை நடத்தும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழங்கியது. அதிகாரம் என்றுதான் சட்டம் சொன்னது; கடமை என்று சொல்லவில்லை. பணம் இல்லாத ஆண்டுகளில் அந்த அதிகாரம் பயன்படுத்தப்படவில்லை.

போர்க்காலமும் அரைநாள் பள்ளியும்

இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டனர். முப்பது ஆண்டுகளாகப் பணம் இல்லை என்று சொல்லப்பட்ட ஏற்பாடு சில ஆண்டுகளுக்குள் நடந்தேறியது. 1944இல் ஏறத்தாழ 1,500 போர்க்காலக் காப்பகங்கள் இயங்கின. போர் முடிந்ததும் 1945இன் இறுதியில் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார் வேலைக்குச் செல்வதை ஊக்குவிக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. காப்பகங்களில் பெரும்பாலானவை அடுத்த ஆண்டுகளில் மூடப்பட்டன. தாயைப் பிரிவது குழந்தையின் மனநலத்தைப் பாதிக்கும் என்று ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார அமைப்புக்கு எழுதிய அறிக்கை, இந்தக் கொள்கைக்கு அறிவியல் ஆதரவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பௌல்பி ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் பிரிந்திருந்த குழந்தைகள். பகலில் சில மணி நேரம் காப்பகத்தில் இருந்து மாலையில் வீடு திரும்பும் குழந்தைகள் அல்லர். கொள்கை விவாதத்தில் இந்த வேறுபாடு மங்கிப்போனது.

1960இல் கல்வி அமைச்சகம் வெளியிட்ட 8/60 என்ற எண் கொண்ட சுற்றறிக்கை, மழலையர் பள்ளிகளை விரிவாக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே தடுத்தது. மறு ஆண்டு, பெல் டுடேவ் என்ற இலண்டன் தாய் கார்டியன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசு தராததைப் பெற்றோர் தாங்களே அமைத்துக்கொள்ளலாம் என்ற அழைப்பு அது. தேவாலய மண்டபங்களில் தாய்மார் முறைவைத்து நடத்திய விளையாட்டுக் குழுக்கள் நாடு முழுவதும் பரவின. வாரத்தில் சில காலைகள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், சிறு கட்டணம் என்பது அவற்றின் வழக்கமான அமைப்பு. நேரம் கிடைத்த தாய்மாருக்கு இது பெரிய உதவி. முழுநாள் வேலை பார்த்த தாய்க்கு இதனால் பயன் இல்லை.

1967இல் வெளியான பிளௌடன் அறிக்கை மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு மழலையர் கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெரும்பாலோருக்கு அரைநாளே போதும், முழுநாள் இடம் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் என்பது அதன் கணக்கு. அரைநாள் முறையில் ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் காலையில் ஒரு குழுவுக்கும் மாலையில் மற்றொரு குழுவுக்கும் பயன்படும், செலவு பாதியாகும். கூடவே, தேவையின்றித் தாய்மாரை வேலைக்கு ஈர்ப்பது அரசின் பணி அன்று என்ற எண்ணமும் அறிக்கையில் இருந்தது. பின்னாளில் வந்த 12.5 மணி நேரம் என்ற எண்ணின் வேர் இங்குதான் உள்ளது. இரண்டரை மணி நேரம் கொண்ட ஐந்து அரைநாள்களின் கூட்டுத்தொகை அது.

கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் 1972 டிசம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பத்து ஆண்டுகளுக்குள் நான்கு வயதினரில் 90 விழுக்காட்டினருக்கும் மூன்று வயதினரில் 50 விழுக்காட்டினருக்கும் இடம் அளிப்பதாக உறுதி கூறியது. மறு ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது, செலவுகள் வெட்டப்பட்டன. குறித்த பத்தாண்டு முடிவதற்கு முன்பே, தாட்சர் பிரதமராக இருந்த 1980இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம், மழலையர் கல்வி வழங்குவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை அன்று என்பதை உறுதிப்படுத்தியது.

வவுச்சரிலிருந்து உரிமைக்கு

பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்காமல் பெற்றோரிடம் கொடுத்தால் போட்டி உருவாகும், இடங்களும் பெருகும் என்று ஜான் மேஜரின் அரசு கருதியது. நான்கு வயதுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,100 பவுண்டு மதிப்புள்ள வவுச்சர் வழங்கும் திட்டம் 1996 ஏப்ரலில் நார்ஃபோக் மாவட்டத்திலும், இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர், வாண்ட்ஸ்வர்த், கென்சிங்டன்-செல்சி பகுதிகளிலும் முன்னோட்டமாகத் தொடங்கியது. 1997 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் விரிந்தது. விளைவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. தொடக்கப் பள்ளிகள் வவுச்சர் பணத்துக்காக நான்கு வயதுக் குழந்தைகளைத் தங்கள் வகுப்புகளில் சேர்த்துக்கொண்டன. குழந்தைகளை இழந்த விளையாட்டுக் குழுக்கள் பல மூடப்பட்டன. பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்களே குறைந்தன.

1997 மே மாதம் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி வவுச்சரை நீக்கியது. ஆனால் அத்திட்டத்தின் மையக் கருத்தை விடவில்லை. அரசுப் பள்ளி, தனியார் காப்பகம், தொண்டு அமைப்பின் விளையாட்டுக் குழு என எங்கு சேர்ந்தாலும் பணம் குழந்தையைத் தொடர்ந்து செல்லும் என்ற ஏற்பாடு அப்படியே நீடித்தது. 1998 செப்டம்பரில் நான்கு வயதினர் அனைவருக்கும், 2004 ஏப்ரலில் மூன்று வயதினர் அனைவருக்கும் வாரம் 12.5 மணி நேரம், ஆண்டுக்கு 33 வாரங்கள் கட்டணமின்றிக் கிடைத்தன. 2006இல் வாரங்கள் 38 ஆயின. அதே ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம், இந்த நேரம் கிடைக்கச் செய்வதை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக வகுத்தது. 2010 செப்டம்பரில் நேரம் 15 மணியானது.

இக்காலத்தில் வழிகாட்டிய ஆய்வு, 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. மழலையர் கல்வி பெற்றவர்கள் பள்ளியில் முன்னேறினர் என்றும், ஏழைக் குழந்தைகளுக்குத் தரமான இடத்தால் கூடுதல் பயன் கிடைத்தது என்றும் அது கண்டது. முழுநாள் இருந்தவர்கள் அரைநாள் இருந்தவர்களைவிடக் கூடுதலாக முன்னேறவில்லை என்பதும் அதன் முடிவுகளுள் ஒன்று. அதாவது, குழந்தையின் கல்வியை மட்டும் கருதினால் நேரத்தைக் கூட்டுவதைவிடத் தரத்தைக் கூட்டுவதே முறை. 2013இலும் 2014இலும் இரண்டு வயதினருக்குத் திட்டம் விரிந்தபோது, முதலில் வறிய 20 விழுக்காட்டினர், பிறகு 40 விழுக்காட்டினர் என்று ஏழைக் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

திசை மாறிய 30 மணி நேரம்

2015 தேர்தலில் தொழிற்கட்சி 25 மணி நேரம் தருவதாக வாக்களித்தது. பழைமைவாதக் கட்சி 30 மணி நேரம் என்றது. இரண்டும் வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு மட்டுமே. பழைமைவாதக் கட்சி வென்றது. 2017 செப்டம்பரில் 30 மணி நேரம் நடைமுறைக்கு வந்தது. தாயும் தந்தையும் ஒவ்வொருவரும் வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமான தொகையாவது ஈட்ட வேண்டும். இருவரில் எவரது ஆண்டு வருமானமும் 1,00,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. தலா 99,000 பவுண்டு ஈட்டும் இணையருக்கு 30 மணி நேரம் உண்டு. ஒருவருக்கு வேலை, மற்றவருக்கு வேலை இல்லை என்றால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாக 15 மணி நேரம்தான். தகுதி பெற்றவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வருமானத்தில் மேல்பாதியைச் சேர்ந்தவர்கள் என்று சட்டன் அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

2023 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் இதே நிபந்தனைகளுடன் திட்டத்தைக் கீழ்வயதுக்கு நீட்டித்தார். 2024 ஏப்ரலில் இரண்டு வயதினருக்கும் செப்டம்பரில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கும் 15 மணி நேரம் வந்தது. 2025 செப்டம்பரில் அது 30 ஆனது.

நேரம் கூடிய அளவுக்கு நிதி கூடவில்லை என்பது காப்பகங்களின் நெடுநாள் குறை. 1960களின் விளையாட்டுக் குழு இயக்கத்திலிருந்து வளர்ந்த ஏர்லி இயர்ஸ் அலையன்ஸ் அமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற ஆவணங்களை 2021இல் வெளியிட்டது. 2020-21இல் ஒரு மணி நேரத்துக்கு 7.49 பவுண்டு தேவைப்படும் என்று அரசின் உள்மதிப்பீடு கூறியிருந்தது. உண்மையில் சராசரியாக வழங்கப்பட்டது 4.89 பவுண்டு. இந்த இடைவெளியை உணவு, டயபர், வெளிச்செல்லுதல் போன்றவற்றுக்கான கட்டணமாகவும், கூடுதல் மணி நேரங்களுக்கான உயர்ந்த விலையாகவும் காப்பகங்கள் பெற்றோரிடமிருந்து ஈடுகட்டுகின்றன. இத்தகைய கட்டணங்கள் இலவச இடத்துக்கு நிபந்தனையாக இருக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆகவே, சேருமுன் கட்டண விவரத்தைத் தனித்தனியாக எழுத்தில் கேட்டு வாங்கும் பெற்றோர் ஏமாறுவது குறைவு.

இன்று பெறும் முறை

மூன்று, நான்கு வயதினருக்கான 15 மணி நேரத்துக்கு வருமானச் சோதனையோ வேலைச் சோதனையோ இல்லை. பெற்றோர் நேராக மழலையர் பள்ளியையோ காப்பகத்தையோ அணுகினால் போதும். குடியேற்ற நிலையும் இதற்குத் தடை அன்று. வேலை, படிப்பு விசாக்களில் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பொதுநிதி பெறக் கூடாது என்ற தங்கள் விசா நிபந்தனையைக் கண்டு இதையும் விட்டுவிட வேண்டியதில்லை. 30 மணி நேரத்துக்கு மட்டும் தாய் தந்தையரில் ஒருவருக்காவது பொதுநிதி பெறும் உரிமை இருக்க வேண்டும். அரசு உதவித்தொகை பெறும் ஏழைக் குடும்பங்களின் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கான 15 மணி நேரத்துக்கு உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

30 மணி நேரத்துக்கு அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 11 இலக்கக் குறியீட்டு எண் கிடைக்கும். அதைக் காப்பகத்திடம் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகுதியை மறுஉறுதி செய்ய வேண்டும். குழந்தை உரிய வயதை எட்டியதும் நேரம் தொடங்குவதில்லை. அதற்கடுத்த பருவத்தின் தொடக்கமான ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில்தான் தொடங்கும். எண் அதற்கு முன்பே, அதாவது டிசம்பர் 31, மார்ச் 31, ஆகஸ்ட் 31 ஆகிய தேதிகளுக்குள் கையில் இருக்க வேண்டும். மார்ச் 31 அன்று மூன்று வயது நிறையும் குழந்தைக்கு மறுநாளே உரிமை வந்துவிடும். ஒரு நாள் கழித்துப் பிறந்த குழந்தை செப்டம்பர்வரை காத்திருக்கும். மணிக்கணக்கு ஆண்டுக்கு 38 வாரங்களுக்கு மட்டுமே. சில காப்பகங்கள் அதே நேரத்தை ஆண்டு முழுவதும் பரப்பித் தருகின்றன, அப்போது வார அளவு குறையும்.

இவ்விதிகள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2021 ஆகஸ்ட் முதல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் ஆண்டுக்கு 1,140 மணி நேரம் வழங்கப்படுகிறது. அது இங்கிலாந்தின் 30 மணி நேரத்துக்கு ஈடான அளவு. அங்கு பெற்றோரின் வேலை குறித்து எந்த நிபந்தனையும் இல்லை.