இணையப் பாதுகாப்பு எச்சரிக்கை: முதற்கட்ட விசாரணை

கணினியிலோ வலையமைப்பிலோ வழக்கத்துக்கு மாறாக ஏதோ நடக்கிறது என்று பாதுகாப்பு மென்பொருளோ, ஊழியரோ, வெளியாரோ தரும் தகவலே இணையப் பாதுகாப்பு எச்சரிக்கை. அது உண்மையா, எந்தக் கணினி, எந்த வலையமைப்பு, எப்போதிலிருந்து என்பதைத் தொடக்க மணி நேரங்களில் கண்டறிவது முதற்கட்ட விசாரணை எனப்படும். ஊடுருவியவர் யார் என்ற கேள்விக்கு இந்தக் கட்டத்தில் அவசரமில்லை. பல எச்சரிக்கைகள் ஒன்றுமில்லாமல் போகும். ஆனால் அதை விசாரித்த பிறகுதான் சொல்ல முடியும்.

கூடங்குளம், 2019

2019 செப்டம்பர் 4 அன்று, இந்திய அரசின் கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன், கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்துக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. அணுசக்தித் துறை வல்லுநர்கள் விசாரித்தார்கள். நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினியில் தீநிரல் இருந்தது. முக்கிய உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிந்தே இருந்தது, அதற்குப் பாதிப்பில்லை என்று கழகம் பின்னர் அறிவித்தது.

அந்தத் தீநிரலின் பெயர் டிட்ராக். விசைப்பலகையில் தட்டுவதையும், உலாவி வரலாற்றையும், வட்டில் உள்ள கோப்புகளின் பட்டியலையும் திரட்டுவது அதன் வேலை. அதன் மாதிரி ஒன்று, சந்தேகக் கோப்புகளைச் சோதிக்கும் பொதுத் தளமான வைரஸ்டோட்டலில் அக்டோபர் இறுதியில் பலர் கண்ணில் பட்டது. நிலையத்தின் பெயர்ச் சுருக்கமும், உள் வலையமைப்பு முகவரியும், நிர்வாகிக் கணக்கும் அந்த நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. அதை ஆக்கியவர்கள் முன்பே ஒருமுறை உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். இதனால்தான் எச்சரிக்கை வந்த நாளோடு நிற்காமல், அதற்கு முந்தைய வாரங்களின் பதிவுகளையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தவை, இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று அக்டோபர் 29 அன்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாள், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையை எதிர்த்து இடிந்தகரை மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய மண் அது. அங்கே அவசர மறுப்பு கூடவே கூடாது. நிர்வாக வலையமைப்பு வேறு, உலையின் கட்டுப்பாடு வேறு என்பதை முதல் நாளே விளக்கியிருந்தால் மக்கள் நம்பியிருக்கலாம்.

முதல் மணி நேரம்

சந்தேகத்துக்குரிய கணினியைப் பலர் பதற்றத்தில் அணைத்துவிடுவார்கள். அணைத்தால் ரேமில் உள்ள தடயங்கள் அழிந்துவிடும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையைத் துண்டித்துவிட்டு, கணினியை அப்படியே விடுவதுதான் முறை. துண்டிக்க வழியே இல்லாத நிலையில் மட்டும் அணைக்கலாம்.

அடுத்தது நேரம். பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மலேசியா அதைவிட 8 மணி நேரம் முந்தியது. பதிவில் 18:40 என்றிருந்தால் மலேசியாவில் மறுநாள் அதிகாலை 2:40. இதைக் கவனிக்காதவர், மாலையில் யாரோ வேலை பார்த்திருக்கிறார் என்று எச்சரிக்கையை மூடிவிடுவார். கணக்குக்கு உரியவரிடம் அந்த நேரத்தில் நீங்கள்தான் நுழைந்தீர்களா என்று தொலைபேசியில் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் கேட்கக் கூடாது; அதை வேறொருவர் படித்துக்கொண்டிருக்கலாம். சந்தேகக் கோப்பைப் பொதுத் தளங்களில் ஏற்றுவதும் ஆபத்து. அதற்குள் நிறுவனத்தின் ரகசியங்கள் இருக்கக்கூடும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பை மட்டும் தேடிப் பார்த்தால் போதும்.

எச்சரிக்கை எப்போதும் சிவப்பு எழுத்தில் வருவதில்லை. 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியில், வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் பரிவர்த்தனைகளை அச்சிடும் பிரிண்டர் நின்றுபோனது. வழக்கமான பழுது என்று விட்டுவிட்டார்கள். திருடர்கள் தடயத்தை மறைக்க அதை முடக்கியிருந்தார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது.

தோட்ட அலுவலகத்தில்

2024 ஆகஸ்டு 26 அன்று நடைமுறைக்கு வந்த மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 11 துறைகளை முக்கிய உள்கட்டமைப்பாக வகுத்திருக்கிறது. விவசாயமும் தோட்டத் துறையும் அவற்றில் ஒன்று. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒவ்வொன்றும் இதில் வந்துவிடாது. முக்கிய உள்கட்டமைப்பு என்று அறிவிக்கப்பட்ட நிறுவனங்களே கட்டுப்பட்டவை. அவை சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதன் வகை, தீவிரம், தெரிய வந்த நேரம், கண்டுபிடித்த விதம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். கூடுதல் விவரங்களுக்கு 14 நாள். சட்டம் கட்டாயப்படுத்தாத சிறு தோட்டத்திலும், கிராணி ஒரு நோட்டில் முதலில் எழுதி வைக்க வேண்டியவை இந்த நான்கும்தான்.

உதவிக்கு, 1997 முதல் இயங்கும் மலேசியக் கணினி அவசரகாலக் குழுவான மைசெர்ட்டின் சைபர்999 மையம் இருக்கிறது. மோசடியில் வங்கிப் பணம் பறிபோயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மோசடி உதவி எண்ணான 997க்கு அழைக்க வேண்டும்.

தோட்ட அலுவலகக் கணினியில் சம்பளப் பட்டியலும், சொக்சோ, ஈ.பி.எஃப். விவரங்களும், கடப்பிதழ் நகல்களும் இருக்கும். 2025 ஜூன் 1 முதல், பெரும் தீங்கு விளைவிக்கக்கூடிய தனிநபர் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பின் 7 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களிடமும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களுக்கு மலாயில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனால் போதாது. அவரவர் மொழியில் நேரில் விளக்க வேண்டும்.