தபாலில் வந்த சோதனைச்சாலை

பள்ளிக்கூடத்து வாயிலை மிதிக்காமலே ஒருவர் விஞ்ஞானம் கற்றுக்கொள்ள முடியுமா? இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, 190-க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது. பதினோராம் வகுப்பு மாணவியான என் தங்கை மகளும் அவர்களுள் ஒருத்தி. கைத்தொலைபேசியின் சிறு திரையில் தனி ஊசலைப் பற்றிய பாடம் அவளுக்கு நடந்தது. திரையில் ஓர் ஊசல் ஆடிற்று. நூலின் நீளத்தை விரலால் தொட்டு நீட்டலாம், குறுக்கலாம். உராய்வையும் அறவே நீக்கிவிடலாம்.

"புரிந்ததா அம்மா?" என்று கேட்டேன்.

"புரிந்தது மாமா. ஆனால் நான் ஒன்றும் செய்யவில்லையே!" என்றாள்.

அந்த மறுமொழிதான் என்னைப் பழைய வரலாறுகளைப் புரட்டச் செய்தது.

1791-இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லருடைய மகனாகப் பிறந்தார் மைக்கேல் பாரடே. பதினான்காம் வயதில் லண்டனில் ஒரு புத்தகக் கடையிலே பைண்டு செய்யும் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழாண்டுகள் அந்தப் பயிற்சி. பகலில் நூல்களைத் தைப்பார். ஓய்ந்த நேரத்தில் அவற்றைப் படிப்பார். அவருடைய கைக்கு வந்த நூல்களுள் ஒன்று, ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய 'ரசாயன உரையாடல்கள்'. ஓர் ஆசிரியையும் இரண்டு பெண்களும் பேசிக்கொள்வதாக அமைந்த நூல் அது. முதலில் ஆசிரியர் பெயரில்லாமலே வெளிவந்தது. ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டபோது தமக்கு அவை எளிதில் விளங்கவில்லை என்றும், நண்பர் ஒருவரோடு உரையாடியும் பரிசோதனைகளைத் திரும்பச் செய்தும் பார்த்த பிறகே தெளிவு பிறந்தது என்றும் அம்மையார் முன்னுரையில் ஒளிக்காமல் சொல்கிறார். பாரடேயைப் புகழும் நாம் இந்த அம்மையாரை ஓரத்தில் நிறுத்திவிட்டோம் என்பது என் மனக்குறை.

பாரடே அந்த நூலை நம்பினார். ஆனால் சோதித்த பிறகே நம்பினார். தம் கைக்காசுக்கு எட்டிய சிறு பரிசோதனைகளைச் செய்து, நூலில் சொன்னது உண்மையா என்று பார்த்தாராம். 1812-இல் அரைப்பென்னி நாணயத்தின் அளவில் துத்தநாகத் தகட்டிலிருந்து ஏழு வில்லைகளை வெட்டினார். ஏழு செப்பு நாணயங்களையும், உப்பு நீரில் நனைத்த காகிதத் துண்டுகளையும் அவற்றோடு அடுக்கி ஒரு மின்கலம் செய்தார். அதைக் கொண்டு மக்னீசியம் சல்பேட்டைப் பிரித்தும் காட்டினார். ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. சில்லறைக் காசே சோதனைச்சாலை. மறு ஆண்டில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் உதவியாளரானார்.

ஆனால் எல்லா மாணவரும் பாரடே அல்லரே! பின்வந்த கருவிகள் அனைத்தும் குரலையும் படத்தையும் தொலைவுக்குக் கொண்டு சென்றன. கைக்கு வேண்டிய வேலையைக் கொண்டு செல்ல மறந்தன. 1951-இல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலே, பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலிக் கருவிகளைக் கொண்டு 'வான்வழிப் பள்ளி' தொடங்கினார்கள். அண்டை வீடென்பதே தொலைதூரமாயிருந்த பண்ணைப் பிள்ளைகள், தபாலில் வந்த பாடங்களோடு ஆசிரியரின் குரலையும் கேட்டார்கள். தனிமை தீர்ந்தது, சோதனைச்சாலை மட்டும் கிட்டவில்லை.

இந்தக் குறையை நேருக்கு நேர் எதிர்கொண்டது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அது பள்ளியன்று, உண்மைதான். ஆயினும் முன்படிப்புச் சான்று இல்லாதவரும் அதில் சேரலாம். ஆகவே அதன் விஞ்ஞான அடிப்படைப் பாடம் பலருக்கு விடுபட்ட பள்ளிப் படிப்பாகவே அமைந்தது. 1971 ஜனவரியில், ஏறக்குறைய 24,000 மாணவர்களோடு அதன் பாடங்கள் தொடங்கின. தொலைக்காட்சியில் பாடங்கள் விடியற்காலையிலும் பின்னிரவிலும் வந்தன. 2006 டிசம்பர் வரை அந்த வழக்கம் நீடித்தது. ஆனால் என்னைக் கவர்ந்தது தொலைக்காட்சி அன்று. தபாலில் வந்த பெட்டி. அதனுள்ளே ரசாயனப் பொருள்கள், கண்ணாடிக் கலங்கள், கையில் அடங்கும் பிளாஸ்டிக் நுண்ணோக்கி ஒன்று. சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டுப் பரிசோதனை செய்ய வேண்டியதுதான்! பாடம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். கோடையில் ஒரு வாரம் கல்லூரிச் சோதனைச்சாலையில் தங்கிப் பயிலும் ஏற்பாடும் உண்டு. செலவும் சிரமமும் மிகுந்த முறை இது. கை பழகாத விஞ்ஞானம் அரைகுறை என்று கருதியவர்களே இந்தச் சிரமத்தை ஏற்றிருக்க முடியும்.

பிறகு இணையம் வந்தது. 1997-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இணையவழி உயர்நிலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. 2002-இல், நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் திரைப் பரிசோதனைகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அவற்றால் விளைந்த நன்மை பெரிது. கண்ணுக்குப் புலப்படாத எலெக்ட்ரானையும் மாணவர் திரையிலே காண்கிறார். ஆயினும் 2006-இல் அந்நாட்டில் ஒரு விவாதம் எழுந்தது. திரையில் மட்டும் செய்த பரிசோதனையைச் சோதனைச்சாலைப் பயிற்சிக்கு ஈடாகக் கொள்ளலாமா என்பதே அது. திரையின் ஊசல் தவறு செய்வதில்லை. எனக்குக் குறையாகத் தோன்றுவது அதுவே.

என் தங்கை மகளுக்குத் தபாலில் பெட்டி எதுவும் வரவில்லை. பரணிலிருந்த பழைய பூட்டு ஒன்றை எடுத்தோம். ஒரு மீட்டர் நூலில் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டோம். பத்து அலைவுகளுக்கு இருபது விநாடியை ஒட்டி வரவேண்டும். கைத்தொலைபேசியில் நேரத்தைக் கணித்தாள், 20.4 வந்தது. ஐந்து முறை செய்தாள். அதை ஒட்டியே வந்தது.

"பாடம் தப்பா, பூட்டு தப்பா மாமா?" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. இரவு உணவு ஆறிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா இருமுறை கூப்பிட்டுவிட்டாள். கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். நூலை முடிச்சு வரைதான் அளந்திருந்தாள். பூட்டின் நடுப்பகுதியோ முடிச்சுக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே இருந்தது. ஊசலின் நீளம் அங்கே வரைக்கும் அல்லவா?

அடுத்து, நீளத்தைக் கால் பங்காகக் குறைத்துக் கட்டினாள். இம்முறை பூட்டின் நடுவிலிருந்து அளந்தாள். பத்து அலைவுகள், பத்து விநாடி.