சங்கத்துப் பணம் எங்கிருந்து வந்தது

சென்னை மாகாணத்து உழவர்களின் கடன் மொத்தம் 45 கோடி ரூபாய் இருக்கும் என்று 1895-இல் கணக்கிட்டவர் பிரெடெரிக் நிக்கல்சன். கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய ஐ.சி.எஸ். அதிகாரி அவர். ஐரோப்பாவின் வேளாண் வங்கிகளை ஆராய்ந்து, எது இங்கே ஒத்துவரும் என்று சொல்லும்படி மாகாண அரசு 1892-இல் அவரைப் பணித்திருந்தது. 1895-இலும் 1897-இலும் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய அறிக்கை, ஜெர்மனியில் ரைபைசன் நிறுவிய கிராமச் சங்கத்தையே முன்மாதிரியாகக் காட்டியது. ஊருக்கு ஒரு சங்கம். ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. லாபத்தைப் பங்கு போடாமல் காப்பு நிதியில் சேர்த்துவிட வேண்டும். யாருக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்பது ஊராருக்குத் தெரியும் என்ற ஒரே நம்பிக்கையில் நின்ற ஏற்பாடு அது.

சேர்த்துவைத்துக் கடன் கொடுப்பது இங்கே புதிதல்ல. சீட்டு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ‘நிதி’களும் இருந்தன, மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் பண்ட் 1872-இல் தொடங்கியது. மாதத் தவணையாகப் பணம் கட்டி, அதிலிருந்தே கடன் வாங்கிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் நகரத்துக் குமாஸ்தாக்களும் வக்கீல்களும்தான். உழவன் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றான். 1883, 1884-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி அரசு கொடுத்த தக்காவிக் கடனுக்கோ மனு, விசாரணை, அலைச்சல் எல்லாம் உண்டு. வட்டிக்குக் கொடுப்பவர் கல்யாணத்துக்கும் கொடுப்பார், கருமாதிக்கும் கொடுப்பார். ஒரு புரோநோட்டு போதும். குறைந்த வட்டிக்குக் கடன் கொடுப்பதால் மட்டும் இந்த நிலை மாறாது, சேமிப்புப் பழக்கம் முதலில் வர வேண்டும் என்பது நிக்கல்சனின் வாதம். அறிக்கையில் எல்லாரும் வசதியாக மறந்துபோன பகுதி இதுதான்.

1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணத்தின் முதல் பதிவாளர் பி. ராஜகோபாலாச்சாரி. அதே ஆண்டு ஆகஸ்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவானது. பெரிய காஞ்சிபுரத்தின் நகரக் கூட்டுறவு வங்கியும் அந்த ஆண்டே தோன்றியது.

கிராமச் சங்கத்தின் மையம் ஒரு பதிவேடு. ஒவ்வோர் உறுப்பினருக்கும் நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, வீடு, மாடு, ஏற்கெனவே உள்ள கடன் என்ன என்று சொத்து விவரம் அதில் ஏறும். ஒருவர் கடனைக் கட்டாமல் விட்டால் அடுத்தவர் நிலம் ஜப்திக்குப் போகலாம் என்பதால், பக்கத்து வயல்காரர் பொய்க்கணக்கு எழுதினால் அதைச் சும்மா விட முடியாது. வங்கி ஆயிரம் விசாரணை செய்து அறிவதை ஊர் உட்கார்ந்த இடத்தில் அறிந்துகொண்டது. இதிலேயே ஒரு வேலியும் இருந்தது: எழுதுவதற்குச் சொத்தே இல்லாதவருக்கு இந்தப் பதிவேட்டில் இடம் எங்கே? குத்தகைக்காரரும் கூலியாளும் பெரும்பாலும் வெளியிலேயே நின்றார்கள். 1920-களில் தொழிலாளர் துறை, ஆதிதிராவிடர்களுக்கென்றே தனிச் சங்கங்கள் அமைத்து, வீட்டுமனை வாங்குவதற்கான பணத்தைத் தவணையில் திருப்பிச் செலுத்தும்படி கொடுத்தது. விதைக்கும் உரத்துக்கும் முன்பாக, குடியிருக்கும் மனையிலிருந்து யாரும் விரட்ட முடியாத நிலை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இந்தியச் சங்கங்களின் செய்தி கடல் கடந்தும் போனது. 1907-இல் இந்தியா வந்த பாஸ்டன் வணிகர் எட்வர்டு பைலீன் இங்குள்ள கிராமக் கடன் சங்கங்களைக் கண்டு ஊர் திரும்பினார். 1909-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கிரெடிட் யூனியன் சட்டம் இயற்றியதற்கும், அமெரிக்காவில் அந்த இயக்கம் பரவியதற்கும் பின்னால் அவருடைய உழைப்பும் பணமும் இருந்தன. அங்கே அந்த யூனியன்கள் உறுப்பினர் சேமிப்பையே முதலாகக் கொண்டு வளர்ந்தன. சென்னையில் நடந்தது வேறு.

கிராமத்தில் உபரிப் பணம் இல்லை. இருந்தவர்களும் அதைச் சங்கத்தில் போடவில்லை. எனவே மேலிருந்து பணம் கொண்டுவர அமைப்புகள் முளைத்தன. 1905-இல் சென்னை மத்திய நகர வங்கி வந்தது. பின்னாளில் அதுவே மாகாணக் கூட்டுறவு வங்கியானது. 1909-இல் சேலத்தில் மாவட்ட மத்திய வங்கி. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு முறையான இடம் கொடுத்தது. நகரத்தார் போட்ட வைப்புத்தொகை மாவட்ட வங்கி வழியாகச் சங்கத்துக்கும், சங்கத்திலிருந்து உழவருக்கும் போயிற்று. நகரத்துச் சேமிப்பு கிராமத்துக்குத் திரும்பியது நல்ல மாற்றம்தான். ஆனால் சங்கத்தில் இருப்பது ‘நம் பணம்’ என்ற எண்ணம் அதோடு போயிற்று. தன் பக்கத்து வீட்டாரின் சேமிப்பைத் திருப்பாமல் விடக் கூசுகிறவர், எங்கோ இருக்கும் வங்கியின் பணத்துக்குக் கூசுவதில்லை.

1929-இல் தொடங்கிய சென்னை மத்திய நில அடமான வங்கி, அரசின் உத்தரவாதத்தோடு கடன் பத்திரங்கள் விற்று நீண்டகாலப் பணம் திரட்டியது. பழைய கடனைத் தீர்க்க அது உதவியது. அதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. மாகாண வங்கி விசாரணைக் குழு 1930-இல் 150 கோடி என்று மதிப்பிட்ட வேளாண் கடனை, 1935-இல் அரசு அதிகாரி சத்தியநாதனின் அறிக்கை 200 கோடி என்றது. நிக்கல்சன் கணக்கைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

விடுதலைக்குப் பின், கோர்வாலா தலைமையிலான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு 1954-இல் வெளியானது. 1951-52-இல் உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம் மட்டுமே. வட்டிக்குக் கொடுப்பவர்களின் பங்கு ஏறத்தாழ 70 சதவீதம். சங்கங்களில் அரசே பங்குதாரராக வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி அமைத்த நீண்டகால நிதியிலிருந்து மாநில அரசுகள் கடன் வாங்கிச் சங்கங்களின் பங்குகளை வாங்கின. 1982-இல் வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு வந்தபின் மறுநிதி அதன் வழியாக ஓடியது. பணத்தோடு அதிகாரமும் வந்தது. நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டு, தனி அலுவலர் பொறுப்பில் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்த காலங்கள் உண்டு.

பயன் இல்லாமல் போகவில்லை. ‘சொசைட்டி’ என்று ஊர் சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், சிட்டாவும் அடங்கலும் கொடுத்தால் பயிர்க்கடன் ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி உரமாகவும் கிடைக்கிறது. குறித்த தவணைக்குள் கட்டினால் வட்டியும் இல்லை. அவசரத்துக்கு நகை இருக்கிறது. மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து எடைபோட்டு முடித்தால், கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போக வேண்டியதில்லை. தேர்தல் நெருங்கும்போது தள்ளுபடிப் பேச்சும் தொடங்கிவிடும். 2021-இல் மட்டும் 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடியானது. தவணை தவறாமல் கட்டி முடித்திருந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

சேமிப்பு முதலில் என்ற பழைய வாதம் கூட்டுறவுத் துறைக்கு வெளியிலிருந்து திரும்பி வந்தது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் வாரந்தோறும் சிறு தொகை சேர்த்து, தங்களுக்குள் கடன் கொடுத்துப் பழகின. அதன்பிறகே வங்கிக்குப் போயின. 1992-இல் நபார்டு வகுத்த இணைப்புத் திட்டத்தில் குழுவின் சேமிப்பே அளவுகோல்: முதலில் அதற்குச் சமமான கடன், ஒழுங்காகக் கட்டினால் நான்கு மடங்கு வரை. அடமானமாக வைக்க நிலம் கேட்கவில்லை. சேலம் போன்ற ஊர்களின் மத்திய கூட்டுறவு வங்கிகளும் இன்று அந்தக் குழுக்களுக்குக் கடன் கொடுக்கின்றன.