மறதிப் படங்களும் தாத்தாவோட ஜில்லாவும்

போன பொங்கலுக்கு ஆணி எல்லாத்தையும் டேமேஜர் தலையில கட்டிட்டு ராமநாதபுரம் போயிருந்தேன். டிவியில 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' ஓடிட்டு இருந்துச்சு. எத்தனாவது தடவையோ, ஆனாலும் வீடே சிரிச்சிட்டு இருந்தோம். தாத்தா மட்டும் சிரிக்கல. அப்பத்தா பக்கம் திரும்பி, "நீங்க எந்த ஊரு?"ன்னு ரொம்ப மரியாதையா கேட்டார். சிரிப்பு நின்னு போச்சு. அப்பத்தா என்ன சொன்னாங்கங்கறதை கடைசியில சொல்றேன்.

முதல்ல படம். 2012 நவம்பர் 30 ரிலீஸ், டைரக்டர் பாலாஜி தரணீதரன். கிரிக்கெட் ஆடும்போது மாப்பிள்ளைக்கு தலையில அடி. காதலிச்ச பொண்ணையே மறந்துடறார். கூட்டாளிங்க அதை மறைச்சு கல்யாணத்தை முடிக்கப் படற பாடுதான் கதை. இது ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜத்துல நடந்தது, படத்துக்கு கேமராவும் அவரேதான்! அதே மனுஷன் 2018ல, எதையுமே மறக்காத ஒருத்தனைப் பத்தி '96' எடுத்தார். ரெண்டுலயும் ஹீரோ விஜய் சேதுபதி.

இதுக்கு 30 வருஷம் முன்னாடி, 1982ல 'மூன்றாம் பிறை'. பாலு மகேந்திரா, கமல், ஸ்ரீதேவி. அங்க கதை தலைகீழ். விபத்துல குழந்தையா மாறிட்ட பொண்ணுக்கு பழைய ஞாபகம் திரும்புது, பார்த்துக்கிட்டவனை மறந்துடறா. மறந்தவளுக்கு ஒண்ணும் இல்ல, ஞாபகம் வச்சிருக்கவன்தான் ஸ்டேஷன்ல குரங்கு சேஷ்டை பண்ணி அழறான். காமெடியோ டிராஜடியோ, பாரம் எப்பவும் ஞாபகம் இருக்கறவங்க தலையிலதான்.

இப்ப பிறந்த ஊர்களைப் பாருங்க. கமல் பரமக்குடி. ஸ்ரீதேவி சிவகாசி பக்கம் மீனம்பட்டி. படத்துக்கு 'கண்ணே கலைமானே' எழுதிட்டு ரிலீஸுக்கு முன்னாடியே 1981 அக்டோபர்ல காலமான கண்ணதாசன், காரைக்குடி பக்கம் சிறுகூடல்பட்டி. விஜய் சேதுபதி ராஜபாளையம். இன்னிக்கு இது மூணு மாவட்டம். ஆனா நாலு பேரும் பிறந்தப்போ ஒரே ஜில்லா: ராமநாதபுரம்! (இளையராஜா மட்டும் அப்போதைய மதுரை ஜில்லா, விட்டுடுவோம் :-))

1910ல மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்கள்ல இருந்து பகுதிகளை எடுத்து உண்டாக்கினது. ராமேஸ்வரம் கடற்கரையில இருந்து ராஜபாளையம் மலையடிவாரம் வரைக்கும் நீளம். கலெக்டர் ஆபீஸ் மட்டும் மதுரையில! 1985ல மூணா பிரிச்சாங்க. விருதுநகர் பக்கம் காமராசர் மாவட்டம், சிவகங்கை பக்கம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்னு பேர் வச்சாங்க. 1997ல அந்தப் பேரும் போச்சு. என் வயசுக்காரங்களுக்கு பழைய ஜில்லான்னு ஒண்ணு இருந்ததே தெரியாது. எனக்கும் தெரியாது.

அதனாலதான் அந்தத் தப்பு நடந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி ஞாபகமறதிக்காக தாத்தாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "ஐயா, சொந்த ஊர் எது, எந்த மாவட்டம்?" தாத்தா டக்குனு, "சாத்தூர், ராமநாதபுரம் ஜில்லா." டாக்டர் என்னைப் பார்த்தார். "இல்ல சார், விருதுநகர்"னு நான்தான் சொன்னேன். தப்புன்னு குறிச்சுக்கிட்டார்.

அப்புறம் ஒரு நாள் தாத்தாவோட பழைய எஸ்எஸ்எல்சி புத்தகத்தைப் பார்த்தேன். சாத்தூர், ராமநாதபுரம் ஜில்லா. அவர் டேட்டா கரெக்ட், நான்தான் புது வெர்ஷனை வச்சு செக் பண்ணியிருக்கேன். அடுத்த தடவை போனப்போ டாக்டர்கிட்ட சொன்னேன். சிரிச்சுக்கிட்டே திருத்தினார். மார்க் ஒண்ணு கூடுச்சு, அவ்ளோதான். ஆனா எனக்கு மனசு ஆறல. தாத்தா சரியா சொன்ன ஒண்ணையும் மறதிக் கணக்குல சேர்த்தது நான்.

சரி, அப்பத்தா. 56 வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன் எந்த ஊருன்னு கேட்டதும், முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, "பரமக்குடிங்க"ன்னாங்க.

தாத்தா முகம் மலர்ந்துச்சு. "அடடே, நம்ம ஜில்லாதானா!"